ஒரு விரல் தூரம்

ஜூன் 6, வெள்ளி

இல்லை, மூச்சு முட்டவில்லை. காது இரண்டு முறை அடைத்தது, எச்சிலை விழுங்கியதும் திறந்துகொண்டது. அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது. சுரங்கக் கூண்டு இறங்குகிறது. வெளிச்சம் தலைக்கு மேலே சுருங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆகிறது. அப்புறம் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், பாறைதான் மேலே போகிறது. அடியில் வெக்கை. சுவர் வியர்க்கிறது. என் தலைவிளக்கு பட்ட இடத்தில் மட்டும் உலகம் இருந்தது. தலையைத் திருப்பினால் அது போய் வேறொன்று வந்தது. நான்கு வருடம் கல்லூரியில் வரைபடமாகப் படித்த இடம். வரைபடத்தில் வாசனை கிடையாது. வெடிமருந்தும் ஈரக்கல்லும் கலந்த வாசனை. இன்னும் தலைமுடியில் இருக்கிறது. இன்று தலைக்குக் குளிக்கப்போவதில்லை.

பார்வையாளராகத்தான் போனேன். மாரகுண்டா தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம், இதுதான் முதல் முறை. பதவி, பயிற்சி அதிகாரி. கீழே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு சொல்லித்தருகிறேன், மேலே, ஒரு வேப்பமரத்துப் பக்கத்துக் கட்டடத்தில், மின்விசிறிக்கடியில்.

வெளியே வந்ததும் மேலாளர் முகுந்தன் சார் கேட்டார்.

"என்னம்மா, போதுமா?"

"போதாது சார்."

சிரித்தார். "கீழ பாதுகாப்பு அதிகாரி போஸ்ட் காலியா இருக்கு. இதுவரைக்கும் லேடீஸ் யாரும் போனதில்ல. உங்க பேர்ல ஆர்டர் டைப் பண்ணியாச்சு. திங்கக்கிழமை ரிஃப்ரெஷர் பேட்ச் ஆரம்பிக்குதில்ல? பிரச்சன இல்லாம நடத்தி, சனிக்கிழமை எல்லார் சர்டிபிகேட்லயும் கையெழுத்து போட்டு என் டேபிளுக்கு அனுப்புங்க. அன்னிக்கே உங்க ஆர்டர்ல நான் போடறேன்."

டைப் ஆகிவிட்டது. என் பெயர். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அறைக்கு ஓடியே வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூட்ஸைத் தேய்த்துக் கழுவினேன். போடப்போவதில்லை என்றாலும்.

திருச்செங்கோட்டிலிருந்து அம்மா, ஃபோனில்.

"ஏங் கண்ணு, ஆபீசுலதான வெச்சிருக்கறாங்க? குழிக்குள்ள எறங்கச் சொல்லலியே?"

"மேலதாம்மா."

பொய்யில்லை. பயிற்சிக்கூடம் மேலேதான் இருக்கிறது.

"டம்ளர எடுத்துட்டுப் போறயா? எவெவன் வாய் வெச்சதோ என்னமோ. கேண்டீன் டம்ளர்ல குடிச்சுப்போடாத சாமி."

"எடுத்துட்டுத்தான் போறேன்."

தொற்று பற்றிய கவலை. நியாயமானதுதான்.

ஜூன் 9, திங்கள்

இருபத்தெட்டுப் பேர்! என் முதல் பெரிய குழு.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கீழே வேலை செய்கிற எல்லாரும் ஒரு வாரம் மேலே வந்து பாதுகாப்புப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டும். கடைசி நாள் புகைக்கூடத்தில் தேர்வு. சான்றிதழ் இல்லாவிட்டால் கூண்டில் ஏற முடியாது. இந்தக் குழுவில் பாதிப் பேர் கோலார்த் தமிழர்கள். அங்கே சுரங்கத்தை மூடியபின் பிழைப்புக்கு இங்கே வந்தவர்கள். மீதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம்.

முதல் பெஞ்சில் எபினேசர். கோலார்க்காரர், பாறையில் துளை போடும் மிஷின் ஓட்டுகிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே,

"இன்னா மேடம், இந்த வாட்டியாவது புது கதை உண்டா? போன வாட்டி வந்த சாரு ஆறு நாளும் எலி கதையே சொல்லிகினு இருந்தாரு."

"எலி கதை எனக்குத் தெரியாது."

"அப்பாடா. அல்லாரும் நிம்மதியா தூங்கலாம்."

கடைசிப் பெஞ்சில் வீரபத்ரன். கிருஷ்ணகிரிக்காரர், வெடி வைப்பவர். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. கேண்டீன் பக்கமே போவதில்லை. வீட்டுச் சாப்பாட்டை மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவி, தூக்குவாளியையும் கழுவிவைக்கிறார்.

முதல் பாடம் டப்பா. ரெஸ்க்யூவர் என்பது கம்பெனி வைத்த பெயர், இங்கே டப்பாதான். பெல்ட்டில் தொங்கும் உலோக டப்பா. கீழே தீப்பிடித்தால் வரும் வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, நாலு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். டப்பாவுக்குள் அதை வடிகட்டும் மருந்து இருக்கிறது. மூடியைப் பிய்த்து, ரப்பர் வாய்க்குழலைப் பல்லால் கடித்து, உதட்டை மூடி, மூக்கில் கிளிப் மாட்டி, தலைப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க வேண்டும். பயிற்சிக்கென்று ஒரு டப்பா இருக்கிறது, வாயு மருந்து கிடையாது, புகையை வடிகட்டும் பஞ்சு மட்டும். அதை வைத்துத்தான் எல்லாரும்.

நான் செய்துகாட்டினேன். கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. பிய், எடு, வாய், மூக்கு, பட்டை. ஒரே தாளம். இருபத்தெட்டுப் பேரும் ஒரே ஆள் போல. எனக்குச் சிலிர்த்துவிட்டது. சனிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

மாலை டப்பாவை அலமாரியில் வைக்கும்போது ஒன்று கவனித்தேன். வாய்க்குழலின் ரப்பர்மேல் அலமாரித் தூசி அப்படியே இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கமில்லை. தூசி.

காலையில் கேண்டீன் நடத்தும் ரோசலின் அக்காவிடம் கொஞ்சம் உப்பு கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"ஒரு சோதனை."

"டீயில போட்டு யாரையாவது கொல்லப்போறியா?"

உப்பைக் கெட்டியாகக் கரைத்து ரப்பரில் தடவிக் காயவைத்தேன். ரப்பர் வெளுத்துப்போய் நின்றது. வகுப்பில், இன்னொரு முறை டப்பா பயிற்சி என்றேன். முனகினார்கள், செய்தார்கள். பிய், எடு, வாய், மூக்கு, பட்டை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை!

பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். உதட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே ஓர் இடைவெளி. ஒரு விரல் நுழையும். ஒவ்வொருவருக்கும் அதே ஒரு விரல், அளந்து வைத்த மாதிரி. வீட்டில் சொம்பை அண்ணாந்து குடிப்போமே, அந்த இடைவெளி. கையில் ஊறிய தூரம்.

அப்படியானால் இந்தச் சுரங்கத்தில் ஒருவர்கூட அதைக் கடித்ததே இல்லை. எத்தனை வருடமாக? எல்லாரும் தேர்ச்சி. எல்லாருக்கும் சான்றிதழ்.

பயப்பட வேண்டிய விஷயம். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குள் ஏதோ துள்ளுகிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன்.

ஜூன் 11, புதன்

நேராகவே கேட்டேன். "நீங்க யாரும் இத வாயில வைக்கறதில்ல. ஏன்?"

எபினேசர், ரொம்பப் பொறுமையாக:

"ஒரு டப்பா மேடம். இருபத்தெட்டு வாயி."

"அதனால?"

"எச்சில் மேடம்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் ஏதோ குழந்தைக் கேள்வி கேட்டுவிட்டது போல.

"நாங்க வெச்சத மத்தவங்க வெக்கமாட்டாங்க. மத்தவங்க வெச்சத நாங்க ஏன் வெக்கணும்? அதான் யாருமே வெக்கறதில்ல. கணக்கு சரியாப்போச்சி."

மத்தவங்க என்றபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதல் பெஞ்சிலிருந்து இரண்டு மூன்று தலைகள் பின்னால் திரும்பின. வீரபத்ரன் ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க வூட்டுத் தட்டுல எங்க அண்ணனையே சாப்பிட விடமாட்டேங்க மேடம்," என்றார். "இது யாரையும் கொறையா நெனைக்கறது இல்லீங்க. சுத்தம்."

"நெசமா தீப்பிடிச்சா?"

"அப்ப அவனவன் டப்பா அவனவன் இடுப்புல. வெச்சிக்கப்போறோம்," என்றார் நடுப்பெஞ்சில் ஒருவர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். தர்க்கம் கச்சிதம். அப்போதுதான் எபினேசர் தொண்டையைச் செருமினார்.

"வெச்சிக்கமாட்டோம்."

"இன்னா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மூணு வருசம் முன்ன ஒம்பதாவது லெவல்ல கேபிள் எரிஞ்சிதே. நான் உள்ள மாட்டிகினேன். டப்பாவ எடுத்தேன். பிச்சேன். மூக்குல கிளிப்பு மாட்டினேன். பட்டைய இழுத்து வுட்டேன். அல்லாம் கரெக்டு. இவங்க சொல்லிக்குடுத்த மாதிரியே." கையைத் தூக்கி, உதட்டுக்கு முன்னால் ஒரு விரல் தூரத்தில் நிறுத்திக்காட்டினார். "இங்க புடிச்சிகினு நடக்கறேன். மூக்கு மூடிக்கீது. வாய் தொறந்துக்கீது. புகை நேரா உள்ள போவுது. டப்பா வேல செய்யலியேன்னு திட்டிகினே நடக்கறேன்."

பிறகு ஒருவர் சிரிக்க, எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். எபினேசரும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரோ காலப் புடிச்சி இழுத்துகினு வந்துட்டான். ஆஸ்பத்திரில முழிச்சேன். டப்பா பழுதுன்னு எழுதிட்டாங்க. நானும் வாய மூடிகினேன். இன்னான்னு சொல்றது? எங்க ஆத்தா வளத்த சுத்தம் மேடம், சாவறப்பகூட வாய் வெக்கல."

சிரிப்பு நின்ற இடத்தில் நான் பேசத் தொடங்கினேன். நிறையப் பேசினேன், நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். கை உடம்பின் ஞாபகம், பயிற்சி என்பது கைக்குத் தருகிற ஞாபகம், நாம் கைக்குப் பொய்யைக் கற்றுத்தந்திருக்கிறோம். எல்லாரும் கேட்டார்கள்.

வெளியே போகும்போது எபினேசர் குரலைத் தாழ்த்தினார். "நீங்ககூட திங்கக்கெழம ஒரு விரல்தான் மேடம். பாத்துகினுதான் இருந்தோம்."

அது வேறு. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

திட்டம்! எச்சில்தானே பிரச்சினை? வேகவைத்துவிடலாம். ஆஸ்பத்திரியில் ஊசியை வேகவைப்பதில்லையா, அது போல.

ரோசலின் அக்காவின் இட்லிக் குண்டானைக் கேட்டேன்.

"என் குண்டான்லயா? இந்த ரப்பரயா? நாளைக்கி இட்லில டயர் வாசன வந்தா நீ சாப்புடுவியா?"

"புது குண்டான் வாங்கித் தரேன்க்கா."

"வாங்கித் தந்துட்டு வேக வெய்யி."

கடைசியில் பழைய பால் பாத்திரம் ஒன்று தந்தாள். வகுப்பறைக்கு வெளியே அடுப்பு. ஒருவர் கடித்ததும் ரப்பரைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு, ஐந்து நிமிடம், எடுத்து ஆறவைத்து, அடுத்தவர். எல்லாரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றார்கள்.

"எங்க மாமியா பல்செட்டு மாதிரியே கீது."

"உப்பு போட்டீங்களா மேடம்?" உப்பு விஷயம் தெரிந்துபோயிருக்கிறது.

"வெந்துச்சான்னு குத்திப் பாருடா."

ஒரு விவாதம் வேறு, தீவிரமாக. எச்சில் வெந்தால் போகுமா? போகும் என்று ஒரு கட்சி. கிருமிதான் சாகும், எச்சில் எப்படிச் சாகும் என்று வீரபத்ரன். பால் காய்ச்சினால் பால் போய்விடுமா என்று கேட்டார்.

பாதிப் பேர் கடித்தார்கள்! உண்மையாகவே, பல் பதிய. ஒருவருக்குக் குமட்டியது. ஒருவர் வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கடித்தார். மீதிப் பேருக்கு நாளை. வீரபத்ரன் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

எனக்குத்தான் கடிக்க நேரமே கிடைக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

மதியம் டீ குடிக்கும்போது ரோசலின் அக்கா என் டம்ளரைப் பார்த்தாள். ஐந்து மாதமாகப் பார்க்கிறாள். இன்றைக்குத்தான் கேட்டாள். "வூட்லருந்து எடுத்தாந்ததா?"

"ஆமாக்கா. அம்மா தந்தது."

"நல்லா கனமா கீது."

கேண்டீன் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

இன்னும் சில பேர் கடித்தார்கள். முகுந்தன் சார் வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தார். "கிளாஸா, கேட்டரிங்கா?" என்றார். நாளை மாலைக்குள் சான்றிதழ்கள். என் ஆணை அவர் மேசைமேல் இருப்பதைப் பார்த்தேன், தலைகீழாக, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக்குண்டின் அடியில். என் பெயர் தலைகீழாகவும் அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

புகைக்கூடம். ஒரு நீளமான இருட்டு அறை, வளைந்து வளைந்து போகும் பாதை, நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஈர வைக்கோலும் சாம்பிராணியும் போட்டுப் புகை போடுவது இங்கே வழக்கம். ஆபத்தில்லாத புகை, ஆனால் கண் எரியும், இருமல் வரும்.

"மாதாகோயிலா மேடம், மாரியாத்தா கோயிலா?"

"ரெண்டும்."

நான் ஜன்னலருகே டார்ச்சோடு நின்றேன். முதல் ஆள், வியாழன் அன்று முதலில் கடித்தவர். புகைக்குள் நுழைந்தார். பிய்த்தார், எடுத்தார், மூக்கில் மாட்டினார். வாய்.

ஒரு விரல்.

அடுத்தவர். ஒரு விரல். எபினேசர் உள்ளே போனார். ஜன்னலைத் தாண்டும்போது டார்ச்சை அவர் வாயில் அடித்தேன். ஒரு விரல்! எல்லாவற்றையும் அறிந்தவர், அந்தக் கதையை வகுப்புக்கே சொன்னவர். வெளியே வந்து இருமிக்கொண்டே தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார்.

"தோ, மறுபடியும்."

வெளிச்சத்தில் கடிக்கிறார்கள். புகையில் கை தன் பழைய வேலையைத்தான் செய்கிறது. நான்கு நாள் எதையும் அழிக்கவில்லை.

மாலை மேலாளர் அறை.

"வருஷா வருஷம் இதே பயிற்சிதான நடக்குது? யாரு செத்தா?"

எபினேசர் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது அவருடையது.

"ஒரு ரெண்டு நாள் குடுங்க சார்."

"திங்கக்கிழமை காலைல இவங்க இருபத்தெட்டுப் பேரும் கீழ இருக்கணும். பதினாலாவது லெவல்ல வெடி வைக்க ஆளில்ல. ஒரு கையெழுத்தும்மா. அது உங்களுக்கும்தான். இன்னிக்கு வரலைன்னா நான் அந்த போஸ்ட்டுக்கு வேற ஆளப் போட்டாகணும். புரியுதா?"

புரிந்தது. பேனா கையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் அந்த வெக்கை, அந்த ஈரக்கல் வாசனை, எல்லாம் வந்து போயின. இருபத்தெட்டு முறை என் பெயரை எழுதினால் போதும்.

"அவங்களுக்கு மூச்சு விடத் தெரியல சார்," என்றேன்.

கண்ணாடிக்குண்டை எடுத்தார். ஆணையை எடுத்து இழுப்பறையில் போட்டார். கோபப்படக்கூட இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் குழு காத்திருந்தது. சொன்னேன். திங்கள் மறுதேர்வு, அதுவரை யாரும் இறங்க முடியாது. முணுமுணுப்பு. ஷிப்ட் போகிறதே என்று. நியாயம்தான். என் ஆணை பற்றிச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் எதுவும் சொல்லித் தெரிவதில்லை.

எபினேசர் மட்டும் நின்றார்.

"வேக வெக்காதீங்க மேடம்."

"ஏன்? பாதிப் பேரு கடிச்சாங்களே?"

"நீங்க அத இடுக்கில புடிச்சி, தண்ணில போட்டு, மூஞ்சிய திருப்பிகினு நிக்கறீங்களே. அத பாக்கறப்பவே வாய் அழுக்குன்னு ஆயிடுது. அப்புறம் யாருக்கு வெக்கத் தோணும்? வூட்ல தட்ட வேகவா வெக்கறோம்? கழுவறோம்." கழுவிக்காட்டுவது போல் கையைத் தேய்த்தார். "திங்கக்கெழம நான் மொதல்ல போறேன். எனக்கு அடுத்து நீங்க வைங்க. அப்புறம் எவன் மாட்டேன்றான்னு பாத்துக்கலாம்."

"கண்டிப்பா," என்றேன். உடனே. யோசிக்காமல்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். பயிற்சி டப்பாவை அறைக்கு எடுத்துவந்திருந்தேன். ரப்பரை சோப்புப் போட்டுக் கழுவினேன். கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தேன். பிய், எடு, வாய், மூக்கு, பட்டை. நன்றாகவே வந்தது.

பிறகு பல் தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும்.

அம்மா அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோஷத்தில். வரிசையாக எழுத முயல்கிறேன்.

புகைக்கூடம். எபினேசர் உள்ளே போனார். நான் ஜன்னலில் இல்லை, கூடவே உள்ளே போனேன், முகத்தில் ஈரத் துணி கட்டிக்கொண்டு. டார்ச் அவர் வாயில். கை மேலே வந்தது, நின்றது. ஒரு விரல். "கடிங்க!" என்று கத்தினேன். துணிக்குள் என்ன கேட்டிருக்குமோ. அவர் கையோடு சண்டை போடுவது தெரிந்தது, நிஜமாகவே, தோள் வரைக்கும் நடுக்கம். பிறகு கடித்தார். உதடு மூடியது. நெஞ்சு ஏறி இறங்கியது. பாதை முழுக்க நடந்தார், ஒரு இருமல் இல்லை!

வெளியே வந்து வாயிலிருந்து எடுத்தார். ஒரு நூல் எச்சில் ரப்பரோடு இழுபட்டு அறுந்தது. என்னிடம் நீட்டினார்.

குழாய் கதவுக்குப் பக்கத்தில்தான். கழுவலாம். கழுவுவதுதான் முறை, சனிக்கிழமை அவரே சொன்னது. இருபத்தேழு பேரும் என்னைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். வீரபத்ரன் மட்டும் என் கையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இந்தக் கூட்டத்தில் என்னை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

என் கை வாய்க்கு முன்னால் வந்து நின்றது. எங்கே நின்றது என்று எழுத வேண்டியதில்லை.

திருச்செங்கோட்டு வீட்டுப் பின்வாசலில், வேலைக்கு வரும் பொன்னாத்தாளுக்கென்று கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளர் ஒன்று உண்டு. அதில் நான் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு வாங்கிய அடி. ஆறு வயது. இதெல்லாம் ஒரு நொடியில் வருமா? வந்தது.

கடித்தேன்.

வெதுவெதுப்பு. வழவழப்பு. கிராம்பு, புகையிலை, அதற்கடியில் ரப்பரின் கசப்பு. மூக்கை மூடினேன். பட்டையை இழுத்தேன். புகைக்குள் நடந்தேன். கண்ணில் நீர் கொட்டியது. மூச்சு வந்தது! மேலும் ஒன்று. மேலும் ஒன்று. இன்னொருவர் வாயிலிருந்த சூடு என் வாயில் ஆறிக்கொண்டே வந்தது, பாதையின் முடிவில் அது யாருடையது என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. எபினேசர் சொன்னார்:

"சாரி மேடம். காலைல ஹான்ஸ் போட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயைத் துடைக்காமல். வரிசை தானாகவே நகர்ந்தது. ஒவ்வொருவரும் குழாயில் கழுவி, உதறி, அடுத்தவரிடம் தந்தார்கள். அவ்வளவு சாதாரணமாக. சிலருக்குக் கை நின்றது, பின்னாலிருந்து "கடிடா டேய்!" என்று கூட்டமே கத்தியது. இரண்டு பேர் திரும்ப ஒருமுறை போக வேண்டியிருந்தது. போனார்கள்.

கடைசியில் வீரபத்ரன். எழுந்து வந்தார். டப்பாவை வாங்கவில்லை.

"கட்டாயங்களா மேடம்?"

"கட்டாயம்தான்."

"இல்லன்னா?"

"நீங்க கீழ போக முடியாது. நான் கையெழுத்து போடமாட்டேன்."

"உங்க வேலய எனக்காவ உட்டுட்டீங்கன்னு சொல்றாங்க."

"உங்களுக்காக இல்ல."

யோசித்தார். பிறகு, "நானே கழுவிக்கறனுங்க," என்றார். பையிலிருந்து சோப்பு எடுத்தார். குழாயடியில் குந்தி உட்கார்ந்து கழுவினார், பித்தளைப் பாத்திரம் துலக்குவது போல, மூன்று முறை, உள்ளே விரலை விட்டு. யாரும் கிண்டல் செய்யவில்லை. எபினேசர் குழாயைத் திருகிப் பிடித்துக்கொண்டார். கழுவி முடித்ததும் ஈர ரப்பரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது, ஏதோ மந்திரமோ வசவோ.

உள்ளே போனார். புகை கெட்டியாகியிருந்தது, ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. மறுவாசலில் காத்திருந்தேன். நேரம் ஆனது. வெளியே வந்தார், நேராக, இருமாமல், கண் சிவந்து, ரப்பர் இன்னும் பற்களுக்கு நடுவில். எடுக்க மறந்துவிட்டார். எடுங்க என்று நான் சைகை காட்டியபிறகுதான் எடுத்தார். ரப்பரில் பல் தடம் ஆழமாக.

"மூச்சு வருதுங்க," என்றார், ஏதோ யாரும் சொல்லாத செய்தியைச் சொல்வது போல.

குழாயடிக்குப் போய் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். அதுவும் சரி. நானும் போய் அவருக்கு அடுத்து நின்று கொப்பளித்தேன்.

இருபத்தெட்டுக் கையெழுத்து. கடைசிக் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஜூன் 18, புதன்

அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டியிருக்கிறது. கீழ்ப் பாதுகாப்பு அதிகாரி: வேறொருவர். பெங்களூரிலிருந்து வருகிறாராம். வருத்தம் இல்லை. பலகையில் வேறு ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்க மூன்று முறை அந்தப் பக்கம் போனேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கூண்டு வாசலில் நின்றேன். எபினேசர் குழு இறங்கியது. இடுப்பில் டப்பா. கூண்டுக் கதவு மூடும்போது வீரபத்ரன் என்னைப் பார்த்து விரலால் தன் பல்லைத் தட்டிக்காட்டினார். எபினேசர் ஏதோ சொல்ல, கூண்டே சிரித்தது. சிரிப்பு கீழே போய்க்கொண்டே இருந்தது, கம்பி ஓடும் சத்தத்துக்குள்.

இரவு அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, நான் கீழ போவேன். இப்ப இல்ல. ஆனா போவேன்."

"சாப்புட்டியா?" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

அடுத்த குழு திங்கட்கிழமை. ஐந்து வருடம் முடிந்தவர்களின் பெயர்களைக் கிளார்க் கொண்டுவந்தார். முப்பத்தொன்று. கடைசிப் பெயர், எஸ். முகுந்தன், மேலாளர்.

"சார் வரமாட்டாரு மேடம். ஆபீசருங்களுக்கு வழக்கமா கையெழுத்து மட்டுந்தான்."

"யார் கையெழுத்து?"

"உங்களுதுதான்."

மனசு மறுபடியும் அப்படித் துள்ளியது, போன வாரம் செவ்வாய்க்கிழமை உப்பைத் தடவியபோது போல. இந்த வேலையில் இவ்வளவு இருக்கிறதா!

கிளார்க் போனதும் மேலாளர் அறைக்கு ஃபோன் செய்து, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு, நேரத்துக்கு வந்துவிடுங்கள் சார் என்று சொன்னேன்.